இடது மூலைக் கறுப்பு

“இந்தக் கறுப்பு உனக்குத் தெரியுதா, இல்லையா?”

அப்துல் ஜலீல் ராவுத்தர் இரண்டாம் தடவையாகக் கேட்டார். அவரை மூன்றாம் தடவை கேட்கவைப்பது ராவுத்தர் கம்பெனியில் வழக்கமில்லை.

குமாஸ்தா நாணு குனிந்து பார்த்தார். எறணாகுளம் பிராட்வே பக்கத்துக் கடையொன்றில் அவரே நேரில் போய், தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து, பெட்டியோடு படகில் மடியில் வைத்துக் கொண்டுவந்த புதுக் கம்ப்யூட்டர். திரை துடைத்துவைத்த பீங்கான் தட்டு மாதிரி வெள்ளையாக இருந்தது. கறுப்பு என்று ஒன்று அதில் எங்கேயும் இல்லை.

நாணு நிமிர்ந்தார். ராவுத்தரின் முதுகுக்குப் பின்னால் டைப்பிஸ்ட் கங்கா நின்றிருந்தாள். அவளிடம் ஏற்கெனவே கேட்டாயிற்று என்பது அவள் கண்ணை உருட்டியதிலேயே தெரிந்தது. என்ன பதில் சொன்னாள் என்பது அவள் தலையை மேலும் கீழும் ஆட்டியதில் தெரிந்தது.

“தெரியறது முதலாளி.”

“எங்கே?”

இதை நாணு எதிர்பார்க்கவில்லை. கங்கா இடது கையால் இடுப்புக்குக் கீழே புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

“இடது பக்கம். கீழ் மூலையிலே.”

“எத்தனை பெரிசு?”

“ஒரு ஏலக்காய் இருக்கும்.” அந்தக் கம்பெனியில் எதற்கும் அதுதான் அளவு.

ராவுத்தர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டார். “அதானே. புதுசு வாங்கிட்டு வரச் சொன்னா, ஊனம் வாங்கிட்டு வந்திருக்கே.” பிறகு, யாரும் நினைத்துப் பார்க்காத விதமாக, எல்லோருக்கும் சாயா கொண்டுவரச் சொன்னார்.

நாணு சாயாவை ஆறவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்து வாங்கிய பொருள். குற்றம் அதில் இருக்கிறது என்று அவரே சாட்சியும் சொல்லியாயிற்று.

ராவுத்தரின் கண்ணைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். அவருடைய பாட்டனார் உத்தமபாளையத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து ஏலக்காய் வியாபாரத்தைத் தொடங்கினார். வியாபாரம் மூன்று தலைமுறையாக நடக்கிறது. ஆனால் கம்பெனிக்குப் பெயர் வாங்கித் தந்தது பேரனின் கண்தான் என்று பேரன் சொல்லுவார். ஒரு பிடிக் காயை வெள்ளைத் தட்டில் கொட்டி, தலையைச் சற்றே வலதுபுறம் திருப்பிவைத்துக்கொண்டு ஒரு பார்வை பார்ப்பார். எந்த மலை, எந்தத் தோட்டம், எந்த வாரம் பறித்தது என்று சொல்லுவார். தோட்டக்காரன் பெண்டாட்டியோடு சண்டையில் இருக்கிறானா என்பதுகூடக் காயின் நிறத்தில் தெரியும் என்பார். விசாரித்துப் பார்த்தவர் யாரும் இல்லை.

விசாரிக்க முயன்றவன் ஒருவன் உண்டு. அக்மல் என்று ஒரு தரம்பிரிப்பவன். ராவுத்தர் முதல் தரம் என்று சொன்ன காயை அவன் “இது ரெண்டாம் தரம் முதலாளி” என்று சொல்லிவிட்டான். அவன் சொன்னது சரி. இப்போது வல்லார்பாடம் துறைமுகத்தில் கன்டெய்னர்களுக்கு நடுவே வெயிலில் நின்று சீல் சரிபார்க்கிறான். அங்கேயும் சரியாகத்தான் பார்க்கிறான் என்று கேள்வி.

அதற்குப் பிறகு அந்தக் கூரையின் கீழே ராவுத்தருக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிந்தது.

கம்ப்யூட்டர் வந்ததே கண்ணுக்கு நேர்ந்த அவமானத்தால்தான். இத்தனை காலம் போனில் “காய் நான் பார்த்தது” என்று ராவுத்தர் சொன்னால் துபாய்க்காரர் சரக்கு அனுப்பச் சொல்லிவிடுவார். இப்போது அந்தத் துபாய்க்காரரின் மகன் கடையைப் பார்க்கிறான். நிறத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், திரையில் பார்த்துப் பேசிக்கொள்ளலாம் என்கிறான். ராவுத்தர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பிறகு நாணுவைக் கூப்பிட்டார்.

“இருக்கிறதிலேயே பெரிய ஸ்கிரீனா வாங்கு. அந்தக் கம்ப்யூட்டர் நல்லபடியா உட்காரட்டும். அப்புறம் உன்னை உட்காரவைக்கிறேன்.”

உட்காருவது என்றால் மேனேஜர் அறையில். கண்ணாடிக் கதவு, ஏசி, சுழலும் நாற்காலி. பழைய மேனேஜர் விலகிப்போன நாளிலிருந்து அந்த நாற்காலி சும்மா கிடக்கிறது. நாணு மட்டும் அதை அவ்வப்போது துடைத்துவைக்கிறார். வீட்டில் ஸ்வர்ணலதா பாலக்காட்டுச் சொந்தங்களுக்கெல்லாம் அவர் மேனேஜராகிவிட்டதாகவே சொல்லிவைத்திருந்தாள். “நடக்கப்போறதை முன்கூட்டிச் சொன்னா பொய்யாகுமா?” என்பது அவள் கட்சி.

ஆகவே கறுப்பைச் சரிசெய்தாக வேண்டும்.

கடையிலிருந்து ரோஹன் வந்தான். காதில் கடுக்கன், முதுகில் பை. திரையை முன்னும் பின்னும் பார்த்தான். வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று திரை முழுக்க ஒவ்வொரு நிறமாக நிரப்பிப் பார்த்தான்.

“சேட்டா, இதிலே ஒண்ணும் இல்லல்லோ.”

நாணு அவனை ஏலக்காய் மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

“இருக்கு. நீ பார்க்கணும்.”

“எங்கே இருக்கு?”

“அது முதலாளிக்குத் தெரியும். நீ இருக்குன்னு மட்டும் பாரு.”

“இல்லாத கம்ப்ளெயின்டை நான் எங்ஙனே சேட்டா சரியாக்கறது?”

“இருக்கிற கம்ப்ளெயின்டைச் சரியாக்கறதுதான் கஷ்டம். இது உனக்கு ஈசி. எதையாவது மாத்து.”

ரோஹன் யோசித்துவிட்டு ஒரு கேபிளை மாற்றினான். அந்த நேரம் பார்த்து ராவுத்தர் உள்ளே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, தலையை வலதுபுறம் திருப்பி, திரையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“தம்பி, நீ படிச்சவன். இங்கே உனக்குக் கறுப்பாத் தெரியுதா?”

“இல்ல சா...”

நாணு அவன் காலை மிதித்தார். புதுச் செருப்பு; நன்றாகவே விழுந்தது.

“என்ன, இல்லையா?” ராவுத்தர் பாதி எழுந்துவிட்டார். அவர் முகத்தில் அதுவரை நாணு பார்த்திராத ஒரு நிறம் வந்தது. வல்லார்பாடத்துக்கு இன்னொரு ஆளை அனுப்பும்போது வருகிற நிறம் இதுதான் என்று நாணு நினைத்துக்கொண்டார்.

“இல்லாம இருக்குமா சார்னு சொல்ல வந்தேன்,” என்றான் ரோஹன், காலைத் தேய்த்தபடி. “நல்லாத் தெரியுது. கேபிள் மாத்தினதிலே கொஞ்சம் பரவிட்டது.”

ராவுத்தர் மெல்ல உட்கார்ந்தார். “நானும் அதைத்தான் பார்த்தேன். நேத்தைக்கு இன்னிக்குப் பெரிசாயிருக்கு.” அன்றைக்கும் சாயா வந்தது. கூடவே பழம்பொரியும்.

வேறு வழியில்லை, மானிட்டரையே மாற்றித் தரவேண்டும் என்று நாணு கடைக்குப் போன் செய்தார். கடைக்காரர் மறுக்கவில்லை. குற்றத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும், மாற்றிவிடலாம் என்றார்.

நாணு போட்டோ எடுத்தார். போட்டோவில் வெள்ளைத் திரை வெள்ளையாக விழுந்தது. இன்னும் கிட்டத்தில் எடுத்தார். அதில் அவர் முகம் விழுந்தது, கவலையோடு.

“இப்படி அனுப்பினா, புகார் கொடுத்த ஆளைத்தான் மாத்தித் தருவாங்க,” என்றாள் கங்கா. பிறகு கைப்பையைத் திறந்து கண்மைக் குச்சியை எடுத்து நீட்டினாள்.

நாணு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, இடது கீழ் மூலையில் ஏலக்காய் அளவுக்கு ஒரு கறுப்பு வைத்தார். சரியான வடிவம் வரவில்லை என்று கொஞ்சம் திருத்தினார். போட்டோ நன்றாக வந்தது. அனுப்பிய கையோடு துடைக்கத் தொடங்கினார். அது அழியாத கண்மை என்று கங்கா அப்போதுதான் சொன்னாள். மழையிலும் அழுகையிலும் அழியாது என்று விளம்பரம் பார்த்து வாங்கியதாம். வேட்டி நுனி கறுத்தது, திரை வெளுக்கவில்லை.

ராவுத்தர் வந்துவிட்டார்.

பார்த்தார். தலையை இன்னும் திருப்பிப் பார்த்தார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“ரெண்டு இருக்கு,” என்றார் மெதுவாக. “ஒண்ணு பழசு. ஒண்ணு புதுசு. கங்கா, ரெண்டு தெரியுதா?”

“ரெண்டு சார்.”

“நாணு?”

“ரெண்டு முதலாளி.”

குடோன் பொறுப்பாளர் தங்கதுரை ஏதோ கையெழுத்துக்காக உள்ளே வந்தார். நல்ல மனிதர், மூட்டைகளுக்கு நடுவிலேயே காலம் கழித்ததால் ஆபீஸ் நடைமுறை போதாது.

“தங்கதுரை, இங்கே வா. இதிலே எத்தனை கறுப்பு இருக்கு?”

தங்கதுரை எட்டிப் பார்த்தார். “ஒண்ணு.”

அறை ஏசி இல்லாமலே குளிர்ந்துபோயிற்று.

“ஒண்ணா?” என்றார் ராவுத்தர். குரல் அவருடையதாக இல்லை. “நல்லாப் பார்த்துச் சொல்லு. ஒண்ணுதானா?”

“தங்கதுரை இன்னிக்குக் கண்ணாடி போடலை முதலாளி,” என்றார் நாணு. சொல்லிக்கொண்டே தங்கதுரையைப் பார்த்த பார்வையில் வல்லார்பாடம், கன்டெய்னர், வெயில் எல்லாம் இருந்தன.

தங்கதுரை சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார்.

“ஓ, ஆமா. ரெண்டு. இந்தா, பக்கத்துலேயே ஒண்ணு கிடக்கே.”

ராவுத்தர் துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “மனுஷனை ஒரு நிமிஷத்துலே கொன்னுட்டே போ,” என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்ததால் எல்லோரும் சிரித்தார்கள்.

புது மானிட்டர் வந்தது. ரோஹன் அதை மாட்டிவிட்டு, யாரும் கேட்பதற்கு முன்பே, “இதிலேயும் உண்டு சார்,” என்றான். வேலை கற்றுக்கொள்கிற பையன்.

ராவுத்தருக்கும் இருந்தது. இப்போது மூலையில் இல்லை, இடது ஓரம் முழுக்கத் திரைச்சீலை இழுத்துவிட்ட மாதிரி இருக்கிறது என்றார். எல்லோருக்கும் திரைச்சீலை தெரிந்தது. கங்காவுக்கு அதில் பூ வேலைப்பாடுகூடத் தெரிந்தது. அதை மட்டும் நாணு அடக்கிவைத்தார். யாரோ கம்ப்யூட்டர் வடக்கு பார்த்து இருப்பதுதான் காரணம் என்றார்கள். மேசையைத் திருப்பினார்கள். ஜன்னல் வெளிச்சம் என்றார்கள். ஜன்னலை அடைத்தார்கள். இருட்டில் சீலை இன்னும் இறங்கியது.

ஒரு மத்தியானம் ராவுத்தர் வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே யூதத் தெருவான ஜூ டவுனுக்குப் போகிற சுற்றுலாக்காரர்கள் இஞ்சி காயப்போட்டிருந்ததைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“நாணு, அந்தக் கறுப்பு இங்கேயும் வருது,” என்றார்.

நாணு உள்ளேயும் வெளியேயும் மாறிமாறிப் பார்த்தார். கம்ப்யூட்டர் உள்ளே இருக்கிறது. தெரு வெளியே இருக்கிறது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றே ஒன்று. அது அந்த மட்டாஞ்சேரியே கொண்டாடுகிற கண்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“இன்னிக்காவது உட்கார்ந்தேளா?” என்றாள் ஸ்வர்ணலதா.

“அவருக்குக் கண்ணுதான் கெட்டிருக்கு லதா. டாக்டர்ட்ட போகச் சொல்லணும்.”

“சொல்ல வேண்டியதுதானே.”

“சொன்னா, இத்தனை நாளா நீ என்னத்தைப் பார்த்தேன்னு கேட்பாரே. நான் வடிவம்கூடச் சொல்லியிருக்கேன்.”

ஸ்வர்ணலதா மோரை ஊற்றாமல் கரண்டியைப் பிடித்தபடி யோசித்தாள். கெட்ட மனசுக்காரி இல்லை. அடுத்த வாரம் அவள் அக்கா பாலக்காட்டிலிருந்து வருகிறாள், மேனேஜர் அறையைப் பார்க்கிற ஆசையோடு.

“கண்ணு என்ன, ஓடியா போயிடும்? முதல்லே ரூம்லே உட்காருங்கோ. அப்புறம் மேனேஜராச் சொன்னா அவருக்கும் ஒரு மரியாதையா இருக்கும்.”

நியாயமாகப் பட்டது. பசித்தவனுக்கு எதுவும் நியாயமாகப் படும். நாணு இரண்டாம் முறை சாதம் போட்டுக்கொண்டார்.

மறுநாள் ராவுத்தர் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு நாணுவை மட்டும் நிறுத்திக்கொண்டார். கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. அவர் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவங்களெல்லாம் போகட்டும். நீ சொல்லு. இந்தச் சுவர்லே உனக்குத் தெரியுதா?”

சுவர் சுண்ணாம்பு அடித்த வெறும் சுவர். அதற்கு அப்பால் கண்ணாடிக் கதவு வழியாகச் சுழல்நாற்காலியின் முதுகு தெரிந்தது. நாணு இரண்டையும் பார்த்தார். இல்லை என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்தது உண்மை. அங்கேயிருந்து அது அக்மலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போனதும் உண்மை.

“தெரியறது முதலாளி. புது ஸ்கிரீன் வெளிச்சம் ரொம்ப ஜாஸ்தி. பார்த்துட்டு வந்தா கொஞ்ச நேரம் கண்ணிலேயே நிக்கும். எனக்கு வீட்டுக்குப் போனாக்கூட நிக்கறது.”

“உனக்கும் நிக்குதா?”

“தூங்கறவரைக்கும் நிக்கறது.”

ராவுத்தர் எழுந்து வந்து அவர் தோளில் கைவைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. வயதான மனிதர், இத்தனை உணர்ச்சிவசப்படுவாரா என்று நாணுவுக்கே ஆச்சரியமாக இருந்தது.

“நீ போய் அந்த ரூம்லே உட்காரு நாணு.”

உட்கார்ந்தார். நாற்காலி சுழன்றது. ஏசியின் காற்று நேரே பிடரியில் பட்டதால் சளி பிடித்தது. ஆனாலும் அணைக்கவில்லை. ஸ்வர்ணலதாவின் அக்கா வந்து பார்த்துவிட்டு, அறை சின்னதுதான் என்று சொல்லிவிட்டுப் போனாள். முதலாளியிடம் கண்ணைப் பற்றிப் பேசவேண்டும் என்பது நாணுவுக்குத் தினமும் ஞாபகம் வந்தது. புதிதாக உட்கார்ந்தவன் உடனே பேசினால் நன்றாக இருக்காது என்பதும் கூடவே ஞாபகம் வந்தது.

ராவுத்தர் தட்டில் கொட்டிய காயைப் பார்ப்பதை விட்டு விரலால் தடவத் தொடங்கினார். “கண்ணாலே பார்க்கிறது எல்லாரும் பார்ப்பான், விரல்லே பார்க்கிறவன்தான் வியாபாரி,” என்றார். மறுநாள் தங்கதுரையும் கங்காவும் விரலால் பார்த்தார்கள்.

ஒரு காலையில் ராவுத்தர், புது மேனேஜரிடம் ஏதோ சொல்ல, வேகமாக நடந்துவந்து, மூடியிருந்த கண்ணாடிக் கதவின்மேல் முட்டி விழுந்தார். மூக்கில் ரத்தம். தூக்கி உட்காரவைத்த நாணுவின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, “நாணு எங்கே?” என்று கேட்டார்.

எறணாகுளத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் ராவுத்தரின் மனைவி ஹாஜரா தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் கணவரின் செருப்பை ஒரு பையில் போட்டுவைத்திருந்தார். நாணு ஆரஞ்சுப் பழங்களோடு போனார். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்திருந்தார். மேனேஜர் என்ற முறையில் ஆறுதலும் வேண்டும், பொறுப்பும் தெரியவேண்டும்.

“என்ன சொல்றார் டாக்டர்?”

“ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனம் இல்லைன்னுட்டாங்க. கண்ணுக்குள்ளே இருக்கிற திரை முழுக்கக் கிழிஞ்சு கழண்டுடுச்சாம். தொடக்கத்திலேயே வந்திருந்தா ஒட்டவெச்சிருக்கலாமாம்.” அவர் அழவில்லை. அழுது முடித்துவிட்ட குரல்.

“இன்னொரு கண்ணு இருக்கே இத்தா.”

“எது, வலதா? அது போய் எத்தனையோ வருஷமாச்சு. வெளியே தெரிஞ்சா எவன் காயை அனுப்புவான்னு சொல்லி, வீட்டுக்குள்ளேயே வெச்சுக்கிட்டோம். இது ஒண்ணைவெச்சுதான் ஓட்டினாங்க.”

நாணு ஆரஞ்சுப் பழங்களைப் பெஞ்சில் வைத்தார். ஒத்திகை பார்த்ததில் இது இல்லை. வராந்தாவின் கோடியில் யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மேனேஜருக்கு உரிய ஒரு வாக்கியம் கடைசியில் கிடைத்தது. அதை வருத்தத்தோடும் லேசான கண்டிப்போடும் சொன்னார்.

“கறுப்புத் தெரிஞ்ச அன்னிக்கே முதலாளி யார்ட்டயாவது கேட்டிருக்கலாமே இத்தா.”

ஹாஜரா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“கேட்டுட்டேதானே நாணு இருந்தாங்க, ஒரு கண்ணு போனப்பவே டாக்டர் சொல்லியிருந்தாரு, மத்ததுலே கறுப்பா ஏதாவது தெரிஞ்சா பக்கத்துலே இருக்கிறவங்களுக்கும் தெரியுதான்னு கேளுங்க, ஒருத்தர் இல்லைன்னு சொன்னாக்கூட அன்னிக்கே ஓடி வந்துடுங்கன்னு.”